இடம் மாறிய தண்ணீர்த் தாங்கி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் கட்டியதைக் கேளுங்கள். முகத்துவாரத்தில் படகு திருத்தும் பட்டறை. ஐந்து பைபர் படகுகள். ஐஸ் போட்டு மீன் வைக்கும் வாடி ஒன்று. கலவரத்தில் பட்டறை எரிந்தபோது அதே அத்திவாரத்தில் மறுபடியும் எழுப்பினேன். ஆகவே அதை இரண்டு பட்டறையாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் மாடி வீடு. மூத்த மகளுக்கு வெள்ளவத்தையில் அடுக்குமாடியில் ஒரு பிளட். வங்கி மனேஜர்கள் கதிரையை விட்டு எழும்பி வரவேற்ற ஆள் நான்.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். போன கிழமைகளில் இந்தப் பத்திரிகைப் பக்கத்திலும் எழுதிவிட்டேன். ஊருக்குத் தெரியாத ஒன்றை இந்தக் கிழமை எழுதுகிறேன். அது தண்ணீருக்கு அடியில் இருப்பதால் அதன் முன்னால் நின்று யாரும் படம் எடுப்பதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகாமல் படகில் இருந்தேன். நேரம் எட்டேகால். வெள்ளவத்தைக்கு நேரே, கரையில் இருப்பவன் கத்தினாலும் கேட்காத தூரத்தில், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கரையோர வீடு ஒன்றின் மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே எட்டு மணிக்கு ஒரு சிவப்புக் கட்டில் விரிப்பு தொங்கியிருக்க வேண்டும். தொங்கவில்லை.

படகில் நாலு பேர். பின்னால் நான். முன்னால் என் மனைவியின் தம்பி ரொபர்ட். நடுவில் வசந்தி மிஸ். கடலடி உயிர்களைப் படிக்கிறவர், கல்கிசைக்காரி, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கரையோரப் பாதுகாப்புக் கந்தோரின் அதிகாரி. சிங்கள மனிதர், நல்லவர், ஆனால் கடல் அவருக்கு ஒத்துவரவில்லை. முகம் வெளிறி, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கைகளில் ஒன்றுதான் அடுத்த நாள் ஒரு கடதாசியில் ஒப்பமிட இருந்தது. ஒப்பமிட்டால், எங்களுக்குக் கீழே எங்கேயோ கிடந்த பார் மண்ணுக்குள் போய்விடும்.

கடலில் ஓர் இடத்தைப் பிடிப்பது

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் கல்லுத் திட்டு. அதன் மேல் முருகைக்கல் பூவாய் வளரும். இடுக்கில் சிங்க இறால் இருக்கும், மேலே விளமீன் சுற்றும். வெள்ளவத்தைக் கடலில் அப்படி ஒரு திட்டை நான் இருபது வயதில் கண்டுபிடித்தேன். யாரும் காட்டித் தரவில்லை.

அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது எப்படி? கடலில் வீட்டு இலக்கம் கிடையாது. கரையில் இரண்டு பொருளைத் தெரிவு செய்ய வேண்டும். ஒன்று கிட்ட, ஒன்று தூர. இரண்டும் ஒன்றின் பின் ஒன்றாக வரும்வரை படகை நகர்த்த வேண்டும். அது ஒரு கோடு. இன்னொரு பக்கத்தில் இன்னும் இரண்டு பொருள், இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் பார் காலுக்குக் கீழே. நேர் பிடிப்பது என்று சொல்வோம்.

என் முதல் கோட்டுக்குத் தூரப் பொருள், காலி வீதிப் பக்கத்துக் கோவில் கோபுரத்தின் கலசம். கிட்டப் பொருள், ரயில் பாதையோரத்து வீடு ஒன்றின் மேலே இருந்த தண்ணீர்த் தாங்கி. தாங்கிக்கு நேர் மேலே கலசம் ஏறி உட்கார வேண்டும். இரண்டாவது கோட்டைக் கல்கிசை முனையில் பிடிப்பேன்.

கத்தோலிக்கனுக்குக் கோவில் கோபுரம் என்னத்துக்கு என்று ரொபர்ட் பகிடி பண்ணுவான். கடலில் உயரமாய்த் தெரிவதெல்லாம் நமக்குச் சொந்தம் என்று சொல்வேன்.

இதை ஏன் எழுதி வைக்கவில்லை என்று கேட்பீர்கள். கொழும்பில் அடிக்கடி குண்டு வெடித்த வருடங்கள் அவை. ஒருமுறை ரொபர்ட் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் இரண்டு கட்டடத்தையும் ஒரு கோட்டையும் கீறிச் சட்டைப் பையில் வைத்திருந்தான். சோதனைச் சாவடியில் அகப்பட்டுவிட்டது. படகு வைத்திருக்கும் தமிழன், பையில் கொழும்புக் கட்டடங்களின் படம். மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அவனை வெளியில் எடுக்க எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் செலவானது. அதற்குப் பிறகு ஒரு கோடு கூடக் கடதாசியில் இல்லை. எல்லாம் என் தலைக்குள்.

ஈயத் தகடுகள்

வசந்தி மிஸ் என் பட்டறைக்கு வந்தது அதனால்தான். அவருக்கு ஒரே பாரை வருடத்தில் பல தடவை பார்த்து, எந்த முருகைக்கல் வளர்கிறது, எது வெளுக்கிறது, எந்த மீன் குறைகிறது என்று எழுத வேண்டும். மிதவை போட்டு இடத்தைக் குறித்து வைக்கலாம் என்றால், கடற்படை விடவில்லை. துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்ட எதுவும் மிதக்கக் கூடாது.

"அண்ணே, மூன்று பேரிட்டைக் கேட்டனான். எல்லாரும் ஏறக்குறையக் காட்டலாம் எண்டு சொல்லுகினம்," என்றார். "எனக்கு ஏறக்குறைய வேண்டாம்."

"மிஸ், நான் நங்கூரம் போட்டால் நீங்க முதல்நாள் கை வச்ச கல்லிலேயே மறுநாளும் கை வைப்பீங்க," என்றேன்.

பொய் சொல்லவில்லை. முதல் வருடம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. பழைய வலை ஈயத்தை உருக்கி என் பட்டறையில் பன்னிரண்டு தகடு வார்த்தேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை உளியால் இலக்கம் அடித்தேன். மிஸ் அவற்றைப் பாரில் பன்னிரண்டு இடத்தில் அறைந்தார். ஒவ்வொரு தகட்டைச் சுற்றியும் என்ன இருக்கிறது என்று தண்ணீருக்குள்ளேயே பலகையில் எழுதிக்கொண்டு வருவார். மேலே வந்ததும் முதல் கேள்வி என்னுடையது: "எப்படி?"

"அதே கல்லு, அண்ணே."

அந்த மூன்று சொல்லுக்காகவே எரிபொருளை என் கணக்கில் ஊற்றினேன்.

ஒரு பாகம் கூட

அடுத்த வருடம் தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று பொல்லாதது. மாதக் கணக்கில் அந்தப் பக்கம் போக முடியவில்லை. கடல் அடங்கியபின் போனோம். கலசத்தைத் தாங்கிக்கு மேலே ஏற்றினேன், முனையைப் பார்த்தேன், நங்கூரத்தைப் போட்டேன்.

ரொபர்ட் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "அத்தான், ஆழம் ஒரு பாகம் கூட இருக்கு," என்றான். பாகம் என்றால் ஆறடி.

"சோளகம் மண்ணை அரிச்சிருக்கும்."

"அத்தான், இது நம்மட இடம்போல தெரியேல்ல."

"நீ சிகரெட் பெட்டியில கீறின இடம்தானே உனக்குத் தெரியும். வாயை மூடிட்டு இரு."

மிஸ்ஸின் முன்னால் சொன்னேன். அவன் வாயை மூடினான்.

மிஸ் கீழே போனார். அரை மணித்தியாலம் கழித்து மேலே வந்தார். முகக்கண்ணாடியைக் கழற்றாமல் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்.

"ஒண்டுமில்லை, அண்ணே. ஒரு தகடு கூட இல்லை. வெறும் மண்ணும் உடைஞ்ச கல்லும்."

நான் கேள்வியே கேட்கவில்லை. கடல் பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்று நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போனோம். அதே கோடு, அதே மண். மிஸ் இருந்ததை எழுதினார். எழுதாமல் என்ன செய்வார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கம்பனி விண்ணப்பம் போட்டது. கடலைத் தோண்டி எடுக்கும் மண்ணையும் சேற்றையும் அந்தப் பகுதியில் கொண்டுவந்து கொட்ட வேண்டுமாம். பார் இருக்கிறதே என்று கந்தோர் கேட்டதற்கு, மிஸ்ஸின் அறிக்கையையே எடுத்து மேசையில் வைத்தார்கள். பார் செத்துவிட்டது என்று உங்கள் ஆளே எழுதியிருக்கிறாரே என்றார்கள்.

ரீச்சர் வீடு

ஒப்பமிடும் திங்களுக்கு முந்திய வெள்ளி. மகளின் பிளட்டுக்கு மீன் கொண்டுபோனேன். அவள் வீட்டில் இல்லை. காற்று வாங்கலாம் என்று ரயில் பாதைப் பக்கம் இறங்கி நடந்தேன். இருபது வருடமாகக் கடலிலிருந்து பார்த்த வீட்டைத் தரையிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

தாங்கி வடக்கு மூலையில் இருந்தது.

என் தாங்கி தெற்கு மூலையில் இருக்கும். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தெற்கு மூலையில் சதுரமாக ஒரு சீமெந்துக் கட்டு மட்டும் நின்றது. அதில் துருக் கறை வழிந்திருந்தது. கையில் இருந்த மீன் பையைக் கீழே வைத்துவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலுக்கு ஒரு அம்மா வந்தார். வெள்ளைச் சேலை, கண்ணாடி. யாழ்ப்பாணத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர் என்று பிறகு தெரிந்தது.

"நீர் ஆர்? என்னத்துக்கு வீட்டையே பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

"அம்மா, அந்தத் தண்ணி டாங்கிய எப்ப மாத்தினீங்க?"

"தண்ணிச் சபையோ நீர்?"

"இல்லை, மீன்காரன்."

"மீன்காரனுக்கு என்ரை டாங்கியிலை என்ன அலுவல்?"

சொன்னேன். மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கலசம், தாங்கி, பார், ஒப்பம் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரிக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஐப்பசியிலை மாத்தினது," என்றார் கடைசியில். "ஊரிலையிருந்து தங்கச்சி குடும்பம் வந்திட்டுது. மேலை அறை கட்ட யோசிச்சு அங்காலை தள்ளினது. அறை இன்னும் கட்டேல்லை."

முப்பது அடி தள்ளியிருந்தார்கள். கோடு தூரம் போகப் போக விலகும்; கரையில் முப்பது அடி என்றால் கடலில் பத்துப் பன்னிரண்டு பாகம். என்னைப் பாரிலிருந்து மண்ணுக்குத் தள்ள அது போதும்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை காலையில அந்தப் பழைய கட்டுக்கு மேல ஆராவது நிக்க வேணும். ஒரு சிவப்புத் துணியக் காட்டினால் போதும்."

ரீச்சரின் முகம் மாறியது. "தமிழ்ச் சனம் இருக்கிற வீட்டு உச்சியிலை ஏறி நிண்டு, கடலிலை நிக்கிற படகுக்குச் சிவப்புத் துணி காட்டச் சொல்லுறீர். உமக்கு விசரோ? போன மாசம்தான் மருமேனைக் கொண்டுபோய் விசாரிச்சு விட்டவங்கள். நீர் போம்."

கேட்டைச் சாத்திவிட்டார். நான் நின்றேன். அவர் சொன்னதில் என்ன பிழை? ரொபர்ட்டின் மூன்று நாள் எனக்கு மறந்தா போனது.

கொஞ்ச நேரத்தில் யன்னல் திறந்தது.

"துணி காட்டேலாது. ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டிலை உடுப்புத் தோய்க்கிறது. சிவப்புப் பெட்சீற் ஒண்டு கிடக்கு. எட்டு மணிக்குக் காயப்போடுவன். கேட்டால் எனக்கு உம்மைத் தெரியாது."

மீன் பையை மதில் மேல் வைத்துவிட்டு வந்தேன். தொலைபேசி இருந்த கடைக்குப் போய் மிஸ்ஸுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. தாங்கி மாறியதைச் சொன்னேன். ரொபர்ட் சொன்னதையும் நான் அவன் வாயை அடைத்ததையும் மிஸ் நேரிலேயே கேட்டிருந்தார்; அந்தக் கதையை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. மிஸ்தான் அதிகாரியின் வீட்டுக்கே போய், ஒரு காலை நேரத்தை மட்டும் கேட்டு வாங்கினார்.

எட்டே முக்கால்

எட்டரை ஆனது. விரிப்பு இல்லை. தென்மேற்கிலிருந்து அலை உருண்டு வரத் தொடங்கியிருந்தது. சோளகத்தின் முதல் மூச்சு. இன்று விட்டால் பிறகு மாதக் கணக்கில் கீழே எதுவும் தெரியாது.

அதிகாரி ஒருமுறை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, என்னை அண்ணன் முறையில் அழைத்து, சிங்களத்தில் கேட்டார்: "அய்யே, எதற்காகக் காத்திருக்கிறோம்?"

"உடுப்பு காயப்போடுவதற்கு, சேர்."

பகிடி என்று நினைத்திருப்பார்.

ரொபர்ட்தான் முதலில் கண்டான். "அத்தான், வீட்டு வாசல்ல ஜீப் நிக்குது."

பார்த்தேன். ரயில் பாதையோரத்தில் பொலிஸ் ஜீப். இரண்டு காக்கிச் சட்டைகள் உள்ளே போவது தெரிந்தது. அந்த வீட்டுக்கு நான்தான் வினையைக் கொண்டுபோனேன் என்று நினைத்தேன். எஞ்சினைத் திருப்பிப் போய்விடலாமா என்று கை போனது.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்கோ," என்றார் மிஸ்.

மொட்டை மாடிக் கதவு திறந்தது. வெள்ளைச் சேலை. பின்னால் ஒரு காக்கிச் சட்டை. ரீச்சர் அவனைத் திரும்பியும் பார்க்காமல் தெற்கு மூலைக்கு நடந்தார். வாளியைக் கீழே வைத்தார். விரிப்பை எடுத்து உதறினார். பழைய கட்டுக்கு நேர் மேலே கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்து, கவ்வி குத்தினார். அவசரமே இல்லை. காக்கிச் சட்டை கடலைப் பார்த்தது. எங்களையும் பார்த்திருக்கும்.

பிறகு ஒருநாள் ரீச்சரிடம் கேட்டேன். வீட்டில் தங்கியிருப்பவர்களின் பதிவைப் பார்க்க வந்தவர்களாம், எங்களுக்காக வந்தவர்கள் இல்லை. "மேலை என்னத்துக்குப் போறாய் எண்டு கேட்டான். நனைஞ்ச பெட்சீற்றை வாளிக்குள்ளை வைச்சால் மணக்கும் எண்டு சொன்னனான்," என்றார்.

நான் படகைத் தெற்கே விட்டேன். விரிப்புக்கு மேலே கலசம் ஏறியது. முனையைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் வெளியே. இன்னும் கொஞ்சம்.

"ரொபர்ட், ஆழம் பார்."

கயிறு இறங்கியது. அவன் விரலால் அளந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஒரு பாகம் குறைவு, அத்தான்."

"போடு நங்கூரத்தை."

மிஸ் பின்புறமாகத் தண்ணீரில் விழுந்தார். குமிழிகள் வந்தன. நான் செபம் சொல்லவில்லை, எண்ணினேன். அறுபது வரை எண்ணி மறுபடியும் ஒன்றிலிருந்து. ஏழாவது அறுபதிலோ எட்டாவதிலோ தலை வெளியே வந்தது. மூச்சு வாங்க நேரம் எடுத்தது.

"ஏழாம் இலக்கம், அண்ணே. எட்டும் இருக்கு. எல்லாம் உயிரோடை இருக்கு."

அதிகாரி சப்பாத்தைக் கழற்றினார். மிஸ்ஸிடம் முகக்கண்ணாடியை வாங்கி மாட்டினார். நீந்தத் தெரியுமா என்று கேட்க முதலே இறங்கிவிட்டார். நான் அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டேன். பார் அங்கே அவ்வளவு ஆழமில்லை; தலையைத் தண்ணீருக்குள் வைத்து ஏழாம் தகட்டைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். ஏறி வந்தபோது வாந்தி முகம் போய்விட்டிருந்தது.

"அப்படியென்றால் போன இரண்டு தடவையும் பிழையான இடத்துக்குக் கொண்டுபோனது யார்?" என்று கேட்டார்.

"நான் சரிபார்த்திருக்க வேண்டும், சேர். தகடு இல்லாதபோதே யோசித்திருக்க வேண்டும். என் பிழை," என்றார் மிஸ்.

ரொபர்ட் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காட்டிக் கொடுக்க மாட்டான். எனக்கு அது தெரியும். அதனால்தான் வாய் கசந்தது.

"நான்தான், சேர். இவன் ஆழம் வித்தியாசம் என்று சொன்னான். நான் இவன் வாயை அடைத்தேன்," என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை

கந்தோரில் கம்பனியின் சட்டத்தரணி கழுத்துப்பட்டியோடு வந்திருந்தார். நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன்.

"முன்பு இரண்டு தடவை பிழையாகக் காட்டியதாக நீரே சொல்கிறீர். இந்த முறை காட்டியது மட்டும் சரி என்று எப்படி நம்புவது? எதுவரை படித்தீர்?" என்று சட்டத்தரணி கேட்டார்.

"மூன்றாம் வகுப்பு. ஏழு என்ற இலக்கத்தை அடிக்க அது போதும், ஐயா. அதை அடித்தது நான். நேற்றுத் தண்ணிக்குள்ள பார்த்தது அந்தா இருக்கிற சேர்."

அதிகாரி தலையாட்டினார். விண்ணப்பத்தை மூடினார். அந்த இடத்தில் இன்றுவரை யாரும் மண் கொட்டவில்லை.

ஒரு வரி

மிஸ்ஸின் ஆய்வு பிறகு பெரிய புத்தகமாக வந்தது. மகள் வாசித்துக் காட்டினாள். நன்றி சொல்லும் பக்கத்தில், உள்ளூர்ப் படகோட்டிகள் உதவினார்கள் என்று ஒரு வரி. உள்ளே வேறொரு பக்கத்தில், இடத்தைக் குறித்ததில் ஏற்பட்ட தவறு காரணமாக இரண்டு தடவைக் குறிப்புகள் நீக்கப்பட்டன என்று இன்னொரு வரி. தவறு யாருடையது என்று இல்லை. மிஸ் என் மானத்தைக் காப்பாற்ற நினைத்திருப்பார். நல்ல மனுசி. ஆனால் இப்போது புத்தகத்தை இரண்டாம் முறை அச்சிடப் போகிறார்களாம். ஆகவே இதைப் பகிரங்கமாகவே கேட்கிறேன்.

படகோட்டிகள் இல்லை; ஒரு படகோட்டி. மரியான், முகத்துவாரம். அந்தப் பாரைக் கண்டுபிடித்தவன், தகடு வார்த்தவன், மண்ணில் கொண்டுபோய் நிறுத்தியவன், திரும்பக் கொண்டுவந்தவன். நாலும் நான். தவறு என்ற வரியிலும் என் பெயரைப் போட வேண்டும். அதைப் பெயரில்லாமல் விட்டால், வாசிக்கிறவன் மிஸ்ஸைச் சந்தேகிப்பான்.

ஆழத்தைச் சொன்னவன் ரொபர்ட். அவன் இப்போது இத்தாலியில். அவன் பெயரை எனக்குக் கீழே போடுங்கள். எழுத்து என்னுடைய அளவிலேயே இருக்கட்டும்.